நாங்கள் ஏற்காட்டுக்குப் போன மார்கழி

எங்கள் ஊரில் விடுமுறை என்றால் அது மற்றவர்களுடைய விடுமுறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரிசைகட்டி வந்து இறங்கிவிடும். கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. மஞ்சள் சுவர் கண்ட இடத்தில் எல்லாம் யாராவது சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒருநாளும் அந்தச் சுவர்களில் சாய்ந்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறார். ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவருக்கு இரட்டை வேலை. பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் என்று எந்த நாளாக இருந்தாலும் அவர் அந்த மேஜைக்குப் பின்னால்தான் நிற்பார். நான் தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, அவருக்கு வாரத்தின் நடுவில் ஏதோ ஒரு நாள். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள் இரண்டு பேரும் பகல் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டுமானால் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம் ஆக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது சாக வேண்டும்.

பெண் அப்போது ஆறாவது படித்தாள், பையன் இரண்டாவது. ஒருநாள் பையனுடைய வகுப்பில் டீச்சர் எல்லோரையும் எழுப்பி, லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருவன் கொடைக்கானல் என்றானாம், ஒருத்தி மைசூர் என்றாளாம். என் பையன் எழுந்து "பாண்டிச்சேரி" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அழாமல் கொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னான். அழுதிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அரையாண்டு லீவுக்கு இந்தக் குடும்பம் எங்காவது போய்த்தான் தீரும் என்று.

எனக்குத் திட்டம் போடுவதில் ஒரு தனிக் கிறுக்கு உண்டு. கம்பெனியில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, எந்த மண்டபத்தில் தண்ணீர் வரும், எதை இங்கே வாங்கலாம், எதைக் கடலூரில் போய் வாங்கலாம் என்பதெல்லாம் எனக்கு விரல்நுனியில். பிள்ளைகளோடு ஊருக்குப் போவதையும் அப்படித்தான் யோசித்தேன். செலவைக் குறைக்கிறேன் என்று சந்தோஷத்தைக் குறைத்துவிட்டால் எதற்காகப் போவது? அதனால் முதலில் ஆளுக்கு ஒரு ஆசையைக் கேட்டேன். ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது கட்டாயம் நிறைவேறும் என்று சொன்னேன். பெண் ஏரியில் படகில் போக வேண்டும் என்றாள். பையன் மேகத்தைத் தொட வேண்டும் என்றான். அவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றார். எனக்கும் ஒரு ஆசை இருந்தது. காலையில் வேறு யாராவது காபி போட்டு என் கையில் கொண்டுவந்து தர வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு தேடினேன். ஏற்காடு தோதாக இருந்தது. சேலம் வரை ஒரே பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொன்று. ஏரிக்கரையில் ரூம் எடுத்தால் கட்டுப்படியாகாது. பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கிறவளுக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். அவளுடைய அக்கா ஏற்காட்டைத் தாண்டி ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறாள், வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல் மேடையும் சும்மா கிடக்கிறது என்றாள். போனில் பேசி அதை முடித்தேன். முதல் நாளுக்குப் புளிசாதமும் சப்பாத்தியும் கையோடு, பிறகு அங்கேயே சமையல். தினமும் ஒரே ஒரு இடம்தான் பார்ப்பது, மீதி நேரம் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுவது. மலை வளைவில் பையன் வாந்தி எடுப்பான், அதற்கு எலுமிச்சம்பழம், பாலிதீன் பை. இப்படி ஒவ்வொன்றாக யோசித்து முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு பெருமை வந்துவிட்டது.

இடித்தது ஒரே விஷயம்தான். அவருக்கு லீவு கிடைக்க வேண்டும்.

"நியூ இயருக்கா? நீ இன்னா வெளாட்றியா? அன்னிக்கி லாட்ஜ்ல மாடிப்படில கூட ஆளு படுக்கக் கேப்பாங்க."

"நீங்க இல்லாம போறதுக்கு நாங்க இங்கயே இருந்துடலாம்."

"நீயும் பசங்களும் போய்ட்டு வாங்களேன். நான் பஸ் ஏத்தி வுடறேன்."

முடியவே முடியாது என்றேன். அவர் இல்லாமல் போவதாக இருந்தால் இந்த வீட்டில் இனி யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்றும் சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் மனதாரச் சொன்னேன். பிள்ளைகள் இரண்டும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வந்து, "லீவு கெடச்சிடுச்சி" என்றார். எப்படி என்று கேட்டதற்கு, மேனேஜர் நல்ல மூடில் இருந்தார் என்றார். அன்று நான் கேசரி கிண்டினேன். அந்த மேனேஜரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் நல்ல மூடில் இருந்த நாள் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் வீடு மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது. பெரிய ரூம், சின்ன ரூம், ஒரு ஹால், சமையலறை. கட்டி முடித்தபோது என் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் மிச்சம். அந்த வீட்டில் ஒரு ஆணி எங்கே அடிப்பது என்றாலும் நான் பார்த்து அடித்ததுதான். கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் அவர் அந்த வீட்டைக் கவனித்த கவனிப்பைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். ஒரு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த பாத்ரூம் குழாயை ஆள் கூட்டிவந்து மாற்றினார். பெரிய ரூம் கட்டிலுக்குப் புது விரிப்பும் தலையணை உறைகளும் வாங்கிவந்தார். எதற்கு இப்போது என்று கேட்டேன். "ஊருக்குப் போய் களைச்சி வருவோம். வந்தா புதுசா படுக்கலாம் இல்ல" என்றார். பதினைந்து வருடத்தில் இந்த மனிதர் தலையணை உறை வாங்கிப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய ரூமில் இருந்த பீரோவைச் சின்ன ரூமுக்குத் தள்ளி, எங்கள் துணிமணிகளையும் அங்கேயே போட்டு, அந்த ரூமுக்குத் தனியாக ஒரு பூட்டும் வாங்கி மாட்டினார். "திருடன் வந்தா ரெண்டு பூட்டு ஒடைக்கணும் பாரு" என்றார். கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இருந்த ஒரே கவலை வாசல்தான். மார்கழி மாதம். விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். மற்ற மாதங்களில் எப்படிப் போனாலும் மார்கழியில் வாசல் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. எங்கள் தெருவில் எங்கள் வாசல்தான் அகலம். கேட்டுக்கு வெளியே பெரிதாக இடம் கிடக்கும். நான் போடுகிற கோலத்தைப் பார்ப்பதற்கென்றே அடுத்த தெருப் பெண்கள் வருவார்கள், இது பெருமைக்குச் சொல்வதில்லை, உண்மை. அந்த அடுத்த தெருவில்தான் என் நாத்தனார் இருக்கிறாள், அவருக்குத் தங்கை. அவளிடம் சாவியைக் கொடுத்துக் கோலத்துக்கும் விளக்குக்கும் சொன்னேன்.

"நீங்க கவலப்படாம போய்ட்டு வாங்கண்ணி. தெனமும் போட்டோ புடிச்சி அனுப்பறேன்" என்றாள்.

போனோம். இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாக ஆகிவிடும், ஏற்காட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன். கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததாக ஞாபகம் இல்லை. பஸ் கள்ளக்குறிச்சியைத் தாண்டியதுமே அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, பையனை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த மலையைக் காட்டினார். மலை வளைவில் பையன் எதிர்பார்த்தபடியே வாந்தி எடுத்தான். எலுமிச்சம்பழம் இருந்தது, பை இருந்தது, ஒரு பிரச்சினையும் இல்லை.

அந்த அக்கா வீட்டைச் சுற்றிலும் காபிச் செடிகள். பழம் பறிக்கிற காலம் அது, செடியெல்லாம் சிவப்பாக இருந்தது. மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. பெண் ஏரியில் படகில் போனாள், நாங்களும் கூடவே ஏறிக்கொண்டோம். அவர்தான் பெடல் மிதித்தார், படகு நின்ற இடத்திலேயே சுற்றியது, கரையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு காலையில் பனி இறங்கி வாசல் வரை வந்துவிட்டது. பையன் அதற்குள் ஓடிப்போய் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். என்னடா பண்ணுகிறாய் என்றதற்கு, மேகம் சாப்பிடுகிறேன் என்றான். அவர் மத்தியானத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

எனக்குத் தினமும் காலையில் காபி வந்தது. அவரே போட்டு, ஆற்றி, போர்வைக்குள் இருக்கும் என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சொல்லாமல் குடித்தேன். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. மெயின் ரோட்டுக்கு நடந்து போனால் ஒரு பஜ்ஜிக் கடை வாசலில் கிடைக்கும். சாயங்காலம் எல்லோரும் அங்கே போவோம். அவர் மட்டும் காலையிலும் ஒருமுறை போய்வருவார். லாட்ஜில் சந்தேகம் கேட்டுக் கூப்பிடுகிறார்கள் என்பார். லீவு கொடுத்தும் விடமாட்டேன் என்கிறார்களே என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

கடை வாசலில்தான் நாத்தனாரின் கோலப் படங்கள் வந்து விழும். முதல் நாள் படம் பிரமாதமாக இருந்தது, வாசல் கொள்ளாத கோலம், நடுவில் பூசணிப்பூ. கடைக்காரம்மாவிடம்கூடக் காட்டினேன். மறுநாள் படத்தில் கோலம் சின்னதாகிவிட்டது. கேட்டை ஒட்டி ஒரு மூலையில், ஏதோ வாடகை வீட்டு வாசல் மாதிரி, கையகலக் கோலம். அதற்கடுத்த நாளும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை, போன் போட்டுவிட்டேன்.

"ஏண்டி, அவ்ளோ எடம் கெடக்குது, ஏன் இத்துனூண்டு போட்டு வெச்சிருக்க?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எதிர் வூட்டுக்கு யாரோ வந்திருக்காங்கண்ணி. காரு நம்ம வாசல்ல நிக்கிது. இன்னா சொல்ல முடியும்?" என்றாள்.

"மார்கழி மாசத்துல கோலத்து மேல காரு நிறுத்துவாங்களா? எடுக்கச் சொல்லு."

"சொல்றேண்ணி."

போனை வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு இங்கிதம் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த பையன், "அது அவங்க காரும்மா" என்று ஆரம்பித்தான். பெண் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவன் கத்தினான். நான் பெண்ணைத்தான் திட்டினேன். ஊருக்கு வந்த இடத்திலும் தம்பியோடு சண்டையா என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கடைக்காரம்மாவிடம் இன்னொரு டீ கேட்டார்.

புத்தாண்டு முடிந்த மறுநாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்து உள்ளே போனதும் ஒரு வாசனை. சென்ட் வாசனை, நாங்கள் யாரும் போடாதது. ஜன்னல் பூட்டிக் கிடந்ததால் ஏதோ ஒரு வாடை என்று நினைத்துக் கை கால் கழுவப் பாத்ரூமுக்குப் போனேன். காலடியில் நறநறவென்றது. கடல் மணல். மூலை முழுக்க, தண்ணீர் போகும் ஓட்டை வரைக்கும் மணல். நாங்கள் கடலுக்குப் போயே மாதக்கணக்காகிறது. ஏற்காட்டில் கடல் கிடையாது.

வெளியே வந்து பார்த்தால் என் பெண் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலை மாங்கு மாங்கென்று பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் தானாகத் துடைப்பத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. சமையலறையில் உப்பு ஜாடி அடுப்புக்கு இடது பக்கம் இருந்தது. என் ஜாடி எப்போதும் வலது பக்கம். குக்கர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, நான் அதைக் கவிழ்த்து வைப்பதில்லை. திருடன் வந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டா போயிருப்பான்? நாத்தனார் வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை போல, இங்கே வந்து சமைத்திருப்பாள் என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். கேட்டை மூடலாம் என்று வெளியே வந்தேன்.

எதிர் வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியாம்மா? ஒங்க சொந்தக்காரங்க நேத்து தான் கெளம்புனாங்க. நல்ல மாதிரி. அந்தப் புள்ளைங்க ரெண்டும் நம்ம வூட்லதான் கெடந்துச்சுங்க."

"எந்த சொந்தக்காரங்க?"

"பெங்களூருக்காரங்கதான். ஒங்க வூட்டுக்காரரு போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போனாரே, வருவாங்க, பாத்துக்குங்கன்னு. நான் கூட ஒரு நாளு அடை சுட்டுக் குடுத்தேன்."

எனக்குப் பெங்களூரில் சொந்தம் யாரும் கிடையாது. அவருக்கும் கிடையாது. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. சிரித்துத் தலையாட்டியிருப்பேன். தெரியாதவள் போல நிற்க அவமானமாக இருந்தது. என் வீட்டில் யார் இருந்தார்கள் என்று எதிர் வீட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

உள்ளே போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கேட்கும் முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு தங்குனாங்க இங்க?"

"சத்தம் போடாத. சொல்றேன், ஒக்காரு."

"யாருன்னு கேட்டேன்."

"லீவு எப்படிக் கெடச்சிதுன்னு நெனச்ச?" என்றார். அதையும் மெதுவாகத்தான் கேட்டார். "போய் கேட்டேன். மேனேஜரு சிரிக்கிறாரு. நியூ இயருக்கு லாட்ஜ்ல வேல செய்யறவன் லீவு கேக்கறதான்னு. அப்புறம் அவரே சொன்னாரு. ஓனருக்கு வேண்டப்பட்ட குடும்பம் வருது, ஊர்ல ஒரு ரூம் கூட இல்ல, ஒன் வூட்ட குடுத்தினா நீ லீவு எடுத்துக்கன்னு. குடிக்கிறவங்க இல்ல. எல்லாம் விசாரிச்சிட்டுதான் குடுத்தேன்."

"என்கிட்ட விசாரிச்சீங்களா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"எந்தக் கட்டில்ல படுத்தாங்க?"

கழற்றிய செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்தார். அவர் சொல்லத் தேவையும் இல்லை. பெரிய ரூமில் புது விரிப்பு துவைத்து மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. விரிப்பு எனக்கு வாங்கியதில்லை. தலையணை உறை எனக்கு வாங்கியதில்லை. ஒரு வருடமாக நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த குழாய், பெயர் தெரியாத யாரோ ஒருத்தி குளிக்க வருகிறாள் என்றதும் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. பீரோவைத் தள்ளியது, பூட்டு வாங்கியது எல்லாம் அவர்களுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கத்தான். இவை ஒவ்வொன்றையும் நான் பாசம் என்று எடுத்துக்கொண்டு, மனதுக்குள் வைத்துச் சீராட்டியிருந்தேன். கம்பெனியில் போய் அந்தத் தலையணை உறைக் கதையைச் சொல்லிக்கூட வைத்திருந்தேன்.

கத்தினேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். இது வீடா, உங்கள் லாட்ஜுக்கு எக்ஸ்ட்ரா ரூமா என்று கேட்டேன். உங்கள் தங்கை தினமும் எனக்குக் கோலத்தைப் போட்டோ பிடித்து அனுப்பினாளே, எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்.

"நான் வரலன்னா யாருமே போவ வேணாம்னு நீதான சொன்ன. நான் வேற இன்னா பண்றது?"

அதில் உண்மை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மனிதர் தனக்காக ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கையில் காசு வாங்கவில்லை. பிள்ளைகளோடு நான்கு நாள் இருக்க ஆசைப்பட்டார், அதற்கு அவரிடம் கொடுக்க இருந்தது வீடு ஒன்றுதான். ஆனால் அது அவரிடம் மட்டுமா இருந்தது?

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். இதையெல்லாம் கேட்டுப் பயந்திருக்கும், பாவம், அதுகளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துத்தான் திரும்பினேன். பெண் துடைப்பத்தைப் பிடித்தபடியே நின்றாள். பையன் அவள் பின்னால் ஒளிந்திருந்தான். இரண்டு முகத்திலும் பயம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. பஜ்ஜிக் கடை, அவங்க காரு, கிள்ளு.

"ஒனக்குத் தெரியுமா?" என்று பெண்ணைக் கேட்டேன்.

தலையாட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"போறதுக்கு முன்னாடியே."

"தம்பிக்கும் தெரியும்" என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள். பையன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரா?"

"அப்பா எங்களக் கேட்டாரும்மா" என்றாள். "நாம ஊருக்குப் போறப்ப நம்ம வூட்ல வேற யாராவது வந்து தங்குனா பரவால்லியா, இல்ல அப்பா வராம இங்கயே இருந்துடட்டுமான்னு. நாங்க அப்பா வரணும்னு சொன்னோம்."

"அம்மாவயும் கேக்கலாம்னு ஒங்களுக்குத் தோணலியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண் அவள், நான் அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

"நீ வேணாம்னு சொல்லிடுவம்மா."

சரிதான். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எவளோ என் அடுப்பில் சமைப்பதற்கும் என் தலையணையில் தலை வைப்பதற்கும் நான் ஒரு ஜென்மத்திலும் சம்மதித்திருக்க மாட்டேன். அவர் லாட்ஜில் நின்றிருப்பார், பையன் மேகம் தின்றிருக்க மாட்டான், பெண்ணுக்குப் படகு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான் இருக்கிறேனே. மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, நான் என்ன சொல்வேன் என்பதையும் அவர்களே சொல்லிக்கொண்டு, முடித்துவிட்டார்கள். ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கோ எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். என் வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கேட்கவில்லை.

"அங்க நீ சந்தோசமா இருந்தியேம்மா" என்றான் பையன், அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. "சொன்னா அழுவன்னு அக்கா சொன்னா. அதான் சொல்லல."

அவனை அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. சமையலறைக்குள் போய் உப்பு ஜாடியை வலது பக்கம் நகர்த்தினேன். பிறகு குக்கரிலிருந்து டம்ளர் வரை எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுத் தேய்த்தேன். அவர் வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். உதவட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அந்த ஒரு வேண்டாமையாவது நான் சொல்ல முடிந்தது.

நாத்தனார் ஒரு வாரம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பிறகு வந்து அழுதாள், அண்ணன் சொல்லி எப்படி மறுக்க முடியும் என்றாள். மன்னித்துவிட்டேன். அவளை மன்னிப்பது எளிதாக இருந்தது. எதிர் வீட்டம்மாவிடம் அந்த அடைக்கு நன்றிகூடச் சொன்னேன். என் கணவரோடு சில வாரங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு பேசாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று பேசத் தொடங்கினேன். இனி என்னைக் கேட்காமல் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டேன் என்று சொன்னார். சொன்னபடிதான் நடந்துகொள்கிறார். அளவுக்கு மீறியே கேட்கிறார், வாழைக்காய் வாங்கட்டுமா என்று கடையிலிருந்து போன் செய்கிறார்.

ஏற்காட்டுப் படங்கள் என் போனில் இருக்கின்றன. அவற்றை நான் அழிக்கவில்லை, பார்ப்பதும் இல்லை. படகில் நான் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்று உண்டு. பக்கத்தில் அவர்கள் மூன்று பேரும் சிரிக்கிறார்கள். என் சிரிப்புக்கு மட்டும் விஷயம் தெரியாது. தினமும் அவர் கொடுத்த அந்தக் காபியில் எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம் என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் அவ்வளவு சர்க்கரையோ என்னவோ.

கோடை விடுமுறை வந்தது. லாட்ஜில் மே மாதம் கூட்டம் குறைவாக இருக்கும், வார நடுவில் இரண்டு மூன்று நாள் லீவு கிடைக்கும் என்று அவரே சொன்னார். எனக்கும் திட்டம் போடாமல் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது, மனதில் இருந்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நல்ல குரலில்தான் கேட்டேன்.

"இந்த லீவுக்கு எங்க போலாம், சொல்லுங்க."

பையன் வாயைத் திறந்தான். திறந்தவன் சொல்லாமல் அக்காவைப் பார்த்தான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார். கண் இமைக்கிற நேரம்தான்.

"நீயே சொல்லும்மா" என்றாள் பெண். "நீ சொன்னா சரிதான்."

நான் அவளுக்கு இன்னொரு இட்லி வைத்தேன். அவர்கள் எதையும் பேசி வைத்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் கோபத்துக்குப் பயந்து, நானே சொல்லட்டும் என்று விட்டிருப்பார்கள், அவ்வளவுதான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. கேட்டால் இல்லை என்பார்கள். முன்பும் அப்படித்தானே என் முகத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.